முட்டைக்காரி இறங்கிய ஞாயிறு

தவசிமுத்து இந்தக் கதையை நம்பாமலேயே பல வருடம் குடித்தனம் நடத்திவிட்டார். நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் கொம்புச்சோலை என்கிற அந்த மலையூரில் அதைக் கண்ணால் பார்க்காதவர் அவர் ஒருவர்தான். டீக்கடை அலவி பார்த்திருக்கிறார், சபைப் போதகர் பார்த்திருக்கிறார், தேயிலை ஃபேக்டரி வாட்ச்மேன் பார்த்திருக்கிறார், பஜாருக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவே தவசிமுத்து ஓட்டுகிற மினி பஸ்ஸில் ஏறி இறங்குகிற அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள், பார்த்ததோடு நில்லாமல் நனைந்த குடையை அதில் மாட்டிக் காயவும் வைத்திருக்கிறார்கள். அவருடைய மனைவி எப்சிபா, கல்யாணத்துக்கு முன்பு, கியர் சைக்கிளில் ஒரு வேகத்தடையைத் தாண்டுவதற்காகக் குதித்தாள் என்பதும், குதித்த இடத்திலேயே, தரைக்கு மேல் முழங்கால் உயரத்தில், சைக்கிளும் முட்டைக்கூடையுமாக ஒரு மழைக்காலம் முழுக்க நின்றாள் என்பதும்தான் கதை.

"எப்படி நின்னே?" என்று கல்யாணமான புதிதில் அவர் கேட்டார்.

"எப்படின்னா? நின்னேன். சோத்தைத் தின்னுங்க, ஆறுது."

அடுத்த வருடமும் கேட்டார், அதற்கடுத்த வருடமும் கேட்டார். அவள் ஒரு தடவையும் மறுக்கவில்லை, கூட்டவில்லை, குறைக்கவில்லை. பல் வலியைப் பற்றிக் கேட்டால் எப்படிச் சலிப்போடு சொல்வாளோ அப்படியே சொன்னாள். கேட்டவருக்குத்தான் ஆத்திரம் ஏறியது. பொய் என்றால் எங்காவது ஒரு இடத்தில் பிசிறு தட்ட வேண்டாமா? தான் ஒருவேளை மனைவியைச் சந்தேகப்படுகிற ஈன ஜென்மமோ, அல்லது ஊரே கூடி ஏய்க்கிற ஏமாளியோ என்று, ஐம்பதைத் தாண்டிய வயதில், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு அவர் யோசித்தார்.

கொம்புச்சோலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிரச்சினை வந்தாலும் ரோட்டில் ஒரு வேகத்தடை போடுவார்கள். கன்றுக்குட்டியை ஜீப் இடித்தால் வேகத்தடை, அதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு வீட்டுக்காரர்கள் தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை போட்டாலும் இரண்டு வீட்டுக்கும் நடுவே வேகத்தடை, தேர்தலில் தோற்றவர் மனம் கோணக் கூடாது என்று அவர் வாசலில் வேகத்தடை, சபையில் பாட்டு நேரத்தில் லாரி இரைந்தது என்று சபைக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று. மேஸ்திரி ஒருவர் வேறு வேலையே இல்லாமல் அதைக் கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைத்தார். இப்படியாக எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகிற அந்தச் சரிவான ரோடு, யாரோ பெரிய சீப்பை வைத்து வாரி விட்டதைப் போல ஆகிவிட்டது.

எப்சிபா நாட்டுக்கோழி முட்டை விற்பவள். அண்ணன் ஆசீரின் வீட்டில் இருந்தாள். வயது முப்பதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. கீழே உள்ள குடிசைகளில் முட்டை எடுத்து, வைக்கோல் போட்ட கூடையில் அடுக்கி, லைன் லைனாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். சுற்றுலாக்காரர்களுக்காகக் கியர் சைக்கிள் வாங்கி வைத்திருந்த விடுதி ஒன்று மூடப்பட்டபோது அதில் ஒன்று அவள் கைக்கு வந்தது. தடித்த டயர், முன்பக்கம் ஸ்பிரிங், பின்னால் கேரியர் கிடையாது. பஜார் வெல்டரிடம் கொடுத்துக் கேரியர் வைத்தாள். "ராஜா வீட்டுக் குதிரைக்கு எருமைத் திமில் வச்ச மாதிரி இருக்கு" என்றார் வெல்டர். ஏற்றம் சுகமாக ஏறியது. ஆனால் என்ன புண்ணியம், வேகத்தடைக்கு வேகத்தடை கூடைக்குள் சடக் சடக் என்று சத்தம் கேட்டது. கடைசி லைனுக்குப் போய்ச் சேரும்போது வைக்கோல் முழுக்க மஞ்சளாக இருந்தது.

"இறங்கி உருட்டிட்டுப் போயேன்" என்றார்கள். உருட்டினாலும் உடைந்தது. "மெதுவா ஏத்தி இறக்கேன்" என்றார்கள். மெதுவாக ஏற்றினாலும் உடைந்தது. "தலையில வச்சு நடந்து போயேன், உங்கம்மா அப்படித்தானே போனா" என்றாள் ஆசீரின் மனைவியான மதினி. அன்றைக்குத்தான் எப்சிபா, இனி இந்தத் தடைகளின் மேல் சக்கரம் படக் கூடாது என்று முடிவு செய்தாள்.

ஊரில் டவர் கிடைக்கிற ஒரே இடம் சபைக்குக் கீழே உள்ள ரோட்டு முக்கு. கல்யாணப் பேச்சு, சாவுச் செய்தி, கடன்காரனுக்குப் பதில் எல்லாவற்றையும் ஊர் அந்த முக்கில் நின்றுதான் பேசும். எப்சிபா அங்கே நின்று போனில் ஒரு வீடியோவைப் பார்த்தாள். வெள்ளைக்காரன் ஒருவன், இதே மாதிரி சைக்கிளில், பெரிய மரக்கட்டை ஒன்றை நோக்கி வந்தான். முட்டியை மடக்கினான், உடம்பைப் பின்னால் தள்ளினான், முன்சக்கரம் எழும்பியது, சட்டென்று நிமிர்ந்து ஹேண்டில்பாரை முன்னால் தள்ளிப் பாதங்களால் பெடலைப் பின்னுக்கு வழித்தான், பின்சக்கரமும் எழும்பியது, இரண்டு சக்கரமும் கட்டைக்கு மேலே அந்தரத்தில் இருந்தன, அப்போது டவர் போயிற்று. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அவள் மறுபடி முதலிலிருந்து போட்டாள். அந்தரத்தில் வட்டம் சுற்றியது. மறுநாளும் வந்து போட்டாள். மழையிலும் குடை பிடித்து நின்று போட்டாள். எத்தனை தடவை போட்டாலும் வெள்ளைக்காரன் அந்தரத்தை அடைந்ததும் டவர் போய்விடும். அவன் கீழே வந்ததை அவள் கண்டதே இல்லை.

"இதுக்குப் பேரு என்னட்டி?" என்று ஆசீர் கேட்டான்.

"பன்னி ஹாப்."

"பன்னியா? அது எங்க தாவும்? வரப்புல விழுந்து புரளத்தான் செய்யும்."

"முயலுண்ணே. இங்கிலீஷ்ல முயலு."

"எதுவா இருந்தா என்ன, பல்லு போச்சுன்னா எவன் கட்டுவான்?"

ஃபேக்டரிக்குப் பின்னால் விறகுக்கட்டை ஒன்றைப் போட்டு, கூடையில் முட்டைக்குப் பதில் கற்களை வைத்து அவள் பழகினாள். முதலில் எல்லாரையும் போலக் கையால் இழுத்துப் பார்த்தாள். முன்சக்கரம் எழும்பியது, பின்சக்கரம் கட்டையில் மோதி அவளைத் தேயிலைச் செடிக்குள் வீசியது. கைமுட்டியில் தோல் போயிற்று, முழங்காலில் தோல் போயிற்று, ஊரில் எல்லாருக்கும் அவளிடம் இருந்த பயம் போயிற்று. ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் நின்று யோசனை சொன்னார்கள். மூச்சைப் பிடி என்றான் ஒருவன். மூச்சை விடு என்றான் அடுத்தவன். வாட்ச்மேன் தன் வாழ்நாளில் சைக்கிள் ஓட்டியதே இல்லை, அவர்தான் ரொம்பச் சொன்னார். ஃபேக்டரிக்கு டீ கொண்டுவந்த மலையாளத்துக்காரர் அலவி மட்டும் கண்ணாடி டம்ளரைக் கழுவியபடி, "மோளே, கை வேண்டா, காலு மதி", கால் போதும், என்றார். அவருக்கும் எதுவும் தெரியாது, ஆனால் அது சரியாக இருந்தது. கையை மறந்து காலை நம்பிய ஒரு நாள் பின்சக்கரம் கட்டையைத் தொடாமல் தாண்டியது. பல்லியளவு உயரம்தான். அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு, தேயிலைக்கு நடுவே உட்கார்ந்து, யாரோ அடித்ததைப் போல அழுதாள்.

மழை பிடித்த முதல் வாரத்தில், கூடை நிறைய முட்டையோடு, டீக்கடைக்கு எதிரே இருந்த வேகத்தடையை நோக்கி வந்தாள். முட்டியை மடக்கினாள், உடம்பைப் பின்னால் தள்ளினாள், முன்சக்கரம் எழும்பியது, பாதங்களால் பெடலை வழித்தாள், பின்சக்கரமும் எழும்பியது, கூடைக்குள் ஒரு சத்தமும் இல்லை, அவள் கற்றுக்கொண்டது அவ்வளவுதான் என்பதால் அங்கேயே நின்றுவிட்டாள்.

அலவி டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர், ஆற்றி முடித்துவிட்டுத்தான் வந்தார். "எந்தா மோளே, சாயா வேணோ?"

"குடுங்க அலவி காக்கா. சீனி கம்மியா."

டீயைக் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது, யாருக்கும் ஆச்சரியப்பட நேரமில்லை, எல்லாருக்கும் சொல்வதற்கு யோசனை இருந்தது. "காலைக் கீழே வை" என்றார்கள். "வைக்கேன், கொஞ்சம் இருங்க, முட்டை இருக்கு" என்றாள். முட்டையை எடுத்துவிடுவோம் என்று லைன்காரர்கள் வந்து அவரவர் முட்டையை எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு உடையாத முட்டை கிடைத்த சந்தோஷத்தில் அவளை மறந்து வீட்டுக்குப் போனார்கள். ஆசீர் வந்து இழுத்தான். நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். சைக்கிள், பாறையில் அறைந்த ஆணி மாதிரி அசையாமல் நின்றது. மேலிருந்து அமுக்கிப் பார்த்தார்கள், கேரியர்தான் வளைந்தது.

"மேல வாரதுக்குத்தான் பாத்து வச்சிருக்கேன். கீழ வாரதுக்குத் தெரியலண்ணே."

"மேல வந்தவளுக்குக் கீழ வரத் தெரியாதோ? மாங்காயைக் கேளு, அது எந்த ஸ்கூலுக்குப் போச்சு?"

ஊர் ஒரு வாரம் எரிச்சல்பட்டது, பிறகு பழகிவிட்டது, பழகியதும் உரிமை கொண்டாடியது. பஸ் அவளைச் சுற்றி ஒதுங்கிப் போகக் கற்றது. இறங்குபவர்கள் "சைக்கிள்ல நிப்பாட்டு" என்றார்கள். பெண்கள் ஈரக் குடையை ஹேண்டில்பாரில் மாட்டினார்கள். காதுகுத்து வீட்டார் வாழ்த்து ஃபிளெக்ஸின் ஒரு மூலையை மின்கம்பத்திலும் மறுமூலையை அவள் சீட்டுக்குக் கீழேயும் கட்டினார்கள், "காது குத்துறது இவங்க, காத்துல ஆடுறது நானா?" என்று அவள் கத்தியதை யாரும் பொருட்படுத்தவில்லை. மற்ற காரியங்களுக்கு என்ன செய்தாள் என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு; மதினியும் லைன் பெண்களும் சேலையைச் சுற்றிப் பிடித்தார்கள், அவ்வளவுதான், அதற்கு மேல் கேட்பவனை மதினி செருப்பைக் காட்டி அனுப்பினாள். அட்டைப்பூச்சிகள் அவளிடம் ஏற முடியாததைக் கண்டு கொழுந்து எடுக்கிறவர்களுக்குப் பொறாமை வந்தது. யானை ஒன்று சோலையிலிருந்து இறங்கி வந்து, தும்பிக்கையால் பின்சக்கரத்தை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. போதகர், அற்புதம் என்று சொல்லிவிட்டால் கீழேயிருந்து பேருந்து பேருந்தாக ஆள் வருவார்களே, அவர்களுக்கு யார் கக்கூஸ் கட்டுவது என்று கவலைப்பட்டு, பிரசங்கத்தில் அதைத் தொடவே இல்லை.

லாரி ஒன்று அவளை உரசப் பார்த்ததும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். இரண்டு மணி நேரம் பேசினார்கள். பேசி, அவளுக்கு முன்னால் ஒரு வேகத்தடை போட்டார்கள்.

அதைப் போடும்போது எப்சிபா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, உங்களுக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு வச்சானா கடவுள்?" என்றாள். மேஸ்திரி கரண்டியை நிறுத்தாமல், "உனக்காகத்தான் தாயி போடுறோம்" என்றார்.

கூடையில் யாரும் வாங்காத முட்டைகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. வாட்ச்மேனின் கோழி ஒன்று பறந்து கேரியரில் ஏறி அவற்றின் மேல் உட்கார்ந்தது. "இப்பவாவது எறங்கு" என்றான் ஆசீர். "கோழி அடையில இருக்குண்ணே, அசைஞ்சா ஓடிப்போகும்" என்றாள். அது அவளுக்கு நல்ல காரணமாக இருந்தது. குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் யாருக்கு என்று சண்டை வந்தது. கோழி என்னுது என்றார் வாட்ச்மேன், முட்டை எங்களுது என்றாள் மதினி, வாசல் என்னுது என்றார் அலவி, நடுவே ஒரு வேகத்தடை போடலாமா என்றார் மேஸ்திரி. அவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே, தாய்க்கோழி தொப்பென்று கீழே குதித்து ஒரு குரல் கொடுத்தது. கேரியர் விளிம்புக்கு வந்த குஞ்சுகள், இறக்கை என்று ஒன்றும் பெரிதாக இல்லாதவை, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காற்றில் கால் வைத்து, பஞ்சு விழுவதைப் போல விழுந்து, உருண்டு, எழுந்து, தாயின் பின்னால் ஓடின. எப்சிபா திரும்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பாருட்டி, அதுக எந்த வீடியோவைப் பாத்துச்சு?" என்றான் ஆசீர்.

அவள் மேலும் பல வாரம் அங்கேயே நின்றாள். முட்டை இல்லை, கோழி இல்லை, குஞ்சும் இல்லை. மழையும் குறைந்து வெயில் வந்து தேயிலையில் ஆவி எழும்பியது.

அப்போதுதான் ஆசீர் கீழேயிருந்து ஒரு வரன் கொண்டுவந்தான். மனைவியை இழந்த டிரைவர், பிள்ளையில்லை, குடியில்லை, கோபமும் அவ்வளவு இல்லை. "ஞாயித்துக்கிழமை வாராங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அண்ணாந்து பாத்தா பொண்ணு பாப்பாங்க? என் மானத்தை வாங்காதட்டி. கெஞ்சிக் கேக்கேன், எறங்கித் தொலை." அவன் சட்டைக் கைகளால் கண்ணைத் துடைத்துக்கொண்டான் என்று அலவி சொல்வார். எப்சிபா, "பாப்போம்ணே" என்றாளாம்.

இதற்கு மேல் கதையில் தவசிமுத்துவும் இருக்கிறார், ஏனென்றால் அந்த டிரைவர் அவர்தான். அந்த ஞாயிறு அவர் வந்த வேன், ஊர் எல்லையில் பாலத்தை ஒட்டிப் புதிதாகப் போட்டிருந்த வேகத்தடையில் ஏறி, அடிவயிறு இடித்து, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் உட்கார்ந்துவிட்டது. ஊரே ஓடிவந்தது. டீக்கடை காலி, சபை காலி, லைன் காலி. மாப்பிள்ளையும் அக்காவும் அத்தானும் உள்ளே உட்கார்ந்திருக்க, ஆண்கள் வேனைத் தோளில் ஏற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் மூச்சிரைக்க, "அந்தப் பொண்ணைத்தான் அசைக்க முடியல, இதையாவது தூக்குவோம்ல" என்றதும் மற்றவர்கள் சிரித்ததும் தவசிமுத்துவுக்கு இன்றும் காதில் இருக்கிறது. அன்று அவருக்கு அதன் பொருள் புரியவில்லை.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது எப்சிபா தரையில் நின்று காப்பித் தட்டை நீட்டினாள். நீண்ட பயணம் போய் வந்தவளின் முகம் அவளுக்கு இருந்தது. ஆசீரின் வாய் திறந்தபடி இருந்ததை, தங்கைமேல் அவனுக்கு அவ்வளவு பாசம் என்று தவசிமுத்து நினைத்துக்கொண்டார்.

ஆக, அவள் மேலே நின்றதை ஊரே பார்த்தது, கீழே வந்ததை ஒரு நாய்கூடப் பார்க்கவில்லை. அதைப் பற்றி மட்டும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். என் உபவாச ஜெபம் என்றான் ஆசீர். பஜ்ஜி வாசனை என்றார் அலவி. பாலத்து வேகத்தடையில் வேன் இடித்த அதிர்ச்சி என்றார் மேஸ்திரி, தன் வேலையின் உறுதியைச் சொல்வதற்காக. தவசிமுத்து அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் சந்தேகப்பட்டார்: இறங்கியதற்குச் சாட்சி இல்லையென்றால் ஏறியதும் பொய்தான். அப்படி நினைப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி எதனால் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

போன மாதம் மலைக்கு மேல் புது டவர் வந்தது. ஊர் முழுக்க எல்லா மூலையிலும் போன் பேசுகிறது. தவசிமுத்து பஸ்ஸை ஓரம் கட்டி, ஆசீரின் மகனிடம் கேட்டு, அந்த வெள்ளைக்காரனின் வீடியோவைத் தேடிப் போட்டார். வட்டம் சுற்றவில்லை. அந்தரத்துக்குப் போனவன் கீழே வந்தான். இறங்குவதில் ஒரு வித்தையும் இல்லை. இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட்டன, அவன் திரும்பிப் பார்க்காமல் மிதித்துப் போய்விட்டான். வீட்டுக்குப் போய் அவளிடம் போனை நீட்டினார்.

"முழுசா வருது. பாக்கியா?"

"இப்ப எதுக்கு? கறிக்கு உப்புப் பாத்துச் சொல்லுங்க."

எரிச்சலோடு வாசலுக்கு வந்து செருப்பைத் தேடியவர் இருட்டில் அவளுடையதில் காலை விட்டார். கழற்றி ஓரமாக எறியப் போனவர், கையிலேயே வைத்துக்கொண்டு திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் தேய்ந்து ஓட்டை விழுகிற நிலையில் இருந்தது. குதிகால் பக்கம், கடையில் வாங்கிய நாளில் இருந்த வரிகள் அப்படியே இருந்தன. பழைய ஜோடி விறகுக்கு அடியில் கிடந்தது, எடுத்துப் பார்த்தார். அதுவும் அப்படித்தான். கொம்புச்சோலை ரோட்டில், அவருடைய வீட்டில், அவருடைய அடுப்படியில், இத்தனை வருடமும் அவள் நடந்தது எப்படி என்று அவர் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

செருப்பைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தார். எப்சிபா அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். சேலை ஓரத்துக்குக் கீழே அவள் குதிகால்கள் இரண்டும், ஒரு தீப்பெட்டி நுழையும் அளவுக்கு, தரையை விட்டு எழும்பியிருந்தன. அவளுக்கு அது தெரிந்த மாதிரியும் இல்லை.

கதை அத்தனையும் அந்த நிமிடத்தில் அவருக்கு உண்மையாகிப் போயிற்று. அவள் மேலே நின்றிருக்கிறாள். முட்டை தீர்ந்தும் நின்றிருக்கிறாள், கோழி போயும் நின்றிருக்கிறாள், குஞ்சுகள் இறங்கிக் காட்டிய பிறகும், இழுக்க ஆளில்லாமல், சொல்லக் காரணமில்லாமல், வெயிலில் சும்மா நின்றிருக்கிறாள். பிறகு தன் வேன் பாலத்தில் மாட்டிக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரத்தில், யாரும் பார்க்காதபோது, காலைக் கீழே வைத்திருக்கிறாள். எப்படி நின்றாய் என்றுதான் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு உறைத்தது.

"அப்படி என்னத்தப் பாத்துட்டு நிக்கீங்க? உப்புப் பாக்கச் சொன்னேன்ல" என்று அவள் திரும்பாமலே சொன்னாள்.

தவசிமுத்து செருப்பைச் சுவரோரம் மெதுவாக வைத்தார்.

"எதுக்கு எறங்குன, எப்சி?"